பெயர்க் கட்டத்தில் ஒரு பெரிய சட்டை

எங்கள் அத்தை ஒரு நாள் லீவு போட்டால் இந்த நாட்டின் சரித்திரம் அன்றைக்கு வேலைக்கு வராது. மிகையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம், அடக்கித்தான் சொல்கிறேன். கடல் எங்கே ஆரம்பிக்கிறது என்று அவளிடம் கேட்டால், "ரெண்டாவது மாடி, இடது பக்கம், கீழ்த்தட்டு, மூலைப் பெட்டி. முதல் பக்கத்தைப் பூச்சி அரிச்சிருக்கும், பாத்துப் புரட்டு" என்பாள். அந்தக் காலத்து ராஜாக்கள் போருக்குக் கிளம்பும் முன் அவளிடம் வந்து, தோற்றுப்போனால் எங்களை எந்த அலமாரியில் வைப்பீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் குதிரை ஏறினார்களாம். இடியும் மின்னலும்கூட அவள் ஒழுங்குபடுத்திக் கொடுத்த பிறகுதான் முதலில் மின்னல், அப்புறம் இடி என்று வரிசையாக வர ஆரம்பித்தன.

இப்பேர்ப்பட்ட மனுஷிக்குச் சம்பளச் சீட்டில் போட்டிருக்கும் பதவி, உதவி ஆவணக் காப்பாளர். யாருக்கு உதவி என்று கேட்கக் கூடாது. காப்பாளர் என்று ஒருவர் இருந்து ஓய்வு பெற்றுப் போனார். அந்த நாற்காலிக்கு அப்புறம் ஆள் போடவே இல்லை. அதில் அத்தை குடையை வைப்பாள்.

என்னைப் பற்றி அதிகம் வேண்டாம். கணக்குப் பாடம் என்னைப் பள்ளிக்கூட வாசல்வரை துரத்திக்கொண்டு வந்து, வெளியே விட்டுக் கதவைச் சாத்தியது. வீட்டில் சும்மா இருந்த நாட்களில் அப்பாவின் செருப்பைப் பசை போட்டுத் தரையோடு ஒட்டினேன். அத்தை அப்பாவுக்கு அக்கா, எங்களோடுதான் இருக்கிறாள். "அக்கா, இந்த வாலை உன்கூட ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிடு. மிச்சம் இருக்கற செருப்பாவது பொழைக்கும்" என்றார் அப்பா. நான் ஒத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், ஆபீஸ் அறையில் ஏசி இருக்கிறது. வேறு எந்த நோக்கமும் இல்லை. பின்னால் யாரும் கதை கட்டக் கூடாது என்பதற்காக இங்கேயே எழுதி வைக்கிறேன்.

அரசாங்கம் எதையும் தூக்கி எறியாது. ஆனால் எங்கே வைத்தோம் என்று மறந்துவிடும். மூடிப்போன அலுவலகங்கள், ஆஸ்பத்திரிகள், டிராம் கம்பெனி என்று எல்லாவற்றின் தாள்களும் பெட்டி பெட்டியாக இந்த ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேரும். அத்தையின் வேலை அந்தப் பெட்டிகளைப் பார்த்து, எதில் என்ன இருக்கிறது என்று எழுதுவது. அதற்கு வழிகாட்டி என்று பெயர். வழிகாட்டி இருந்தால் பெட்டி கிடைக்கும். இல்லாவிட்டால் பெட்டி இருக்கும், கிடைக்காது.

இதில் அவளுக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, தாள்கள் எந்த வரிசையில் வந்தனவோ அந்த வரிசையைக் கலைக்கக் கூடாது. இரண்டு, தாளில் இல்லாத ஒரு வார்த்தையை நாமாக எழுதினால் அதைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும். அடைப்புக்குள் இருந்தால் நாம் சொன்னது; வெளியே இருந்தால் தாள் சொன்னது. படிக்கிறவர் ஏமாறக் கூடாது, அவ்வளவுதான். இதைக் கேட்ட அன்றே நான் ஒரு சீட்டில் "[காப்பாளர்]" என்று எழுதிக் குடை வைத்த நாற்காலியில் ஒட்டினேன். அத்தை கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள்.

"கிழிச்சிடவா?" என்றேன்.

"அடைப்பு போட்டிருக்கல்ல? அப்ப சரி, இருக்கட்டும்."

அந்தச் சீட்டு கடைசிவரை அங்கேயே இருந்தது.

அவள் எழுதிய வழிகாட்டிகளிலேயே பெரியது காய்ச்சல் ஆஸ்பத்திரியுடையது. ஆற்றங்கரையில் இருந்து, பிறகு மூடப்பட்ட ஆஸ்பத்திரி. வெள்ளம் வந்த வருஷம் எங்கெங்கிருந்தோ குழந்தைகளைத் தூக்கிவந்து அங்கே போட்டிருக்கிறார்கள். கொண்டுவந்தவருக்கும் பெயர் தெரியாது, குழந்தைக்கும் சொல்லத் தெரியாது. ஆளுக்கு ஓர் அட்டை. பெயர் என்ற இடத்தில் "தெரியாது". கீழே, அடையாளம் என்ற இடத்தில், யாரோ ஒரு நர்ஸ் சின்னச் சின்ன எழுத்தில் ஏதாவது கிறுக்கியிருப்பாள். அத்தை ஒவ்வோர் அட்டையையும் தனித்தனி வரியாக வழிகாட்டியில் ஏற்றியிருந்தாள். பெயர் தெரியாது, பெயர் தெரியாது, பெயர் தெரியாது என்று பக்கம் பக்கமாகப் போகும். முதலில் பார்த்தபோது, இம்போசிஷன் எழுதினாயா என்று கேட்டு முதுகில் ஓர் அடி வாங்கினேன்.

அந்தப் பக்கங்களுக்கு ஒரு வாசகர் இருந்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வெள்ளத்தில் அவருடைய தங்கையை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். அவரே அப்போது பொடியன். பாப்பா என்று கூப்பிட்ட ஞாபகம்தான், பெயர் ஞாபகம் இல்லை. தன்னுடைய சட்டையை அவளுக்கு மாட்டிவிட்டது மட்டும் ஞாபகம். ஆபீஸ் ஆபீசாக அலைந்துவிட்டு அத்தையிடம் வந்தார். அத்தை வழிகாட்டியைப் புரட்டி ஒரு பெட்டியை இறக்கினாள். அட்டையில், "பெண். பெரிய சட்டை. பையனுடையது" என்று இருந்தது. அதற்குக் கீழே, பத்து நாள் கழித்து இறந்ததாகவும் இருந்தது. அதன் பிறகும் கண்டக்டர் மாதம் ஒரு தடவை வருவார். அட்டையைக் கேட்பார், பார்ப்பார், திருப்பிக் கொடுப்பார். போகும்போது என்னைப் பார்த்து, "பாப்பா, உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்பார். பழக்க தோஷம்.

இப்படி இருக்கும்போதுதான் இயக்குநர் அத்தையைக் கூப்பிட்டு அனுப்பினார். மாடியை வேறு துறைக்குக் கொடுக்கிறார்கள். பெட்டிகள் எல்லாம் ஊருக்கு வெளியே ஒரு கிடங்குக்குப் போகின்றன. அங்கே யாரும் உள்ளே போய்த் தேட முடியாது. ஜன்னலில் நின்று கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் சொல்லும் பெட்டியை எடுத்துக் கொடுப்பார்கள். பெட்டிகளுக்கும் புது எண், புது ஸ்டிக்கர். ஆகவே லாரி வருவதற்குள் வழிகாட்டிகள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய்விட வேண்டும். கம்ப்யூட்டரில் இல்லாதது இனிமேல் உலகத்திலேயே இல்லாத மாதிரி.

"எந்த சாஃப்ட்வேர்னு நீங்களே தேர்ந்தெடுங்கம்மா. உங்களுக்குத் தெரியாததா?" என்றார் இயக்குநர். நல்ல மனுஷர். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். கடைசியாகச் சொன்னவருக்குத்தான் பலன்.

அன்று வீட்டில் அப்பா யோசனை சொன்னார். "டிவி வாங்கற மாதிரிதானே அக்கா. நாலு கடை ஏறி இறங்கி, ஒண்ணப் பாத்து வாங்கிடேன்."

"டிவில என் பெட்டி தெரியாதுடா" என்றாள் அத்தை.

முதலில் கையாலேயே எழுதிப் பார்த்தோம். அலமாரிக்குள் தட்டு, தட்டுக்குள் பெட்டி, பெட்டிக்குள் கட்டு, கட்டுக்குள் தாள். இதைக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்க ஒவ்வொன்றுக்கும் முன்னால் டேக் என்று ஒரு குறி, பின்னால் ஒரு குறி மாட்ட வேண்டும். முன்னால் திறந்ததைப் பின்னால் மூட மறந்தால், அதற்கப்புறம் வருகிற ஊரே அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் ஒரு தடவை மறந்ததில் சுகாதாரத் துறை மொத்தமும் ஒரு குதிரை லாயத்துக்குள் போய்விட்டது. அத்தை சிரித்துக்கொண்டே அதைத் தேடி வெளியே இழுத்தாள். ஆனால் இந்த வேகத்தில் போனால் எனக்கே ஓய்வூதியம் வந்துவிடும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

இரண்டாவது ஒன்று இருந்தது. இலவசம். ஆவணக் காப்பகங்களில் வேலை பார்க்கிறவர்களே காப்பகங்களுக்காகச் சேர்ந்து செய்தது. வீட்டில் என் உடைந்த லேப்டாப்பில் அதை ஏற்றிக் காய்ச்சல் ஆஸ்பத்திரியில் ஒரு பெட்டியை மட்டும் உள்ளே விட்டோம். வரிசை கலையவில்லை. சதுர அடைப்பு அப்படியே நின்றது. பெயர் தெரியாதவர்கள் தனித்தனியாக, ஆளுக்கொரு வரியில், ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். அத்தை திரையைக் கையால் தடவினாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அடுத்த நாள் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போனோம். பிரிவு என்றால் ஒரே ஆள். எதைக் கேட்டாலும், "பாஸ்வேர்டு தலைமை அலுவலகத்துல இருக்கு" என்பார். அதனால் அவருக்கு பாஸ்வேர்டு என்றே பெயர்.

"இதை நம்ம சர்வர்ல போடணும் தம்பி" என்றாள் அத்தை.

"சர்வர் பாஸ்வேர்டு தலைமை அலுவலகத்துல இருக்கு மேடம்."

"கேட்டு வாங்குங்களேன்."

"வாங்கலாம். கொள்முதல் கோப்பு இருந்தா வாங்கலாம். வாங்கின பொருளுக்குத்தான் கோப்பு. இது வாங்கலையே, சும்மா வருதே. சும்மா வர்றதுக்கு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் கழுத்தப் பிடிக்கறது?"

"என் கழுத்தப் பிடிங்க."

"உங்க கழுத்துக்குக் கோப்புல இடம் இல்ல மேடம்" என்றார் பாஸ்வேர்டு. கிண்டல் இல்லை, உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

அத்தை அதையே வேண்டுமென்று காரணங்களோடு அறிக்கை எழுதினாள். "விலைப்புள்ளி இணைக்கப்படவில்லை" என்று திரும்பி வந்தது. உடனே அந்த இலவச சாஃப்ட்வேர்க்காரர்களுக்குக் கடிதம் எழுதினாள்: தங்கள் சாஃப்ட்வேரின் விலை ஒன்றுமில்லை என்று தயவுசெய்து ஒரு விலைப்புள்ளி அனுப்பவும். அவர்களும் அனுப்பினார்கள். "விலை: ஒன்றுமில்லை! வாழ்த்துகள்!" என்று கூடவே ஒரு சிரிக்கும் முகமும் போட்டு. முத்திரை இல்லை என்று அதுவும் திரும்பி வந்தது.

"அழிரப்பர்ல முத்திர செதுக்கித் தரேன் அத்த. அரை மணி நேர வேலை. சிரிக்கற மூஞ்சியும் அதுலயே வரும்."

"ஒதை வாங்குவ."

"யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல. போய் ஜன்னலைத் திற, புழுங்குது."

மிச்சம் இருந்தது மூன்றாவது. அதைக் காட்ட வந்தவர் கழுத்தில் பளபளவென்று ஒரு டை. பெயர் சொன்னார், மறந்துவிட்டது, டை மறக்கவில்லை. மற்ற எல்லாத் துறைகளிலும் இந்த சாஃப்ட்வேர்தான், விலைப்புள்ளி உண்டு, முத்திரை உண்டு, முத்திரைக்கு மேல் இன்னொரு முத்திரையும் உண்டு. டை கெட்டவர் இல்லை. அத்தைக்கு ஒரு பேனா கொடுத்தார், எனக்கும் ஒன்று.

"பெட்டிக்குள்ள பெட்டி வருமா சார்?" என்று கேட்டாள் அத்தை.

"எல்லாம் வரும் மேடம்."

"சதுர அடைப்பு?"

"எல்லாம் வரும்."

"வந்த வரிசை கலையாம இருக்குமா?"

"அதவிட நல்லா, அகர வரிசைல போட்டுத் தரும் மேடம்!"

அத்தை என்னைப் பார்த்தாள். நான் பேனாவைப் பார்த்தேன். இயக்குநர் தலையாட்டிக்கொண்டிருந்தார், கடைசியாகப் பேசியது டைதானே. தேர்ந்தெடுத்தவர் என்ற இடத்தில் அத்தையின் கையெழுத்தை வாங்கினார்கள். வேறு எதையும் தேர்ந்தெடுக்க முடியாத ஒருத்தி தேர்ந்தெடுத்தாள் என்று கோப்பில் இருக்கிறது. அடைப்புக் குறி இல்லாமல்.

வழிகாட்டிகளை உள்ளே விட்டார்கள். டிராம் கம்பெனி போனது. குதிரை லாயம் போனது. காய்ச்சல் ஆஸ்பத்திரி போனபோது திரையில் பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது: இரட்டைப் பதிவுகள் வெற்றிகரமாக நீக்கப்பட்டன.

"இரட்டைன்னா எது?" என்றாள் அத்தை.

தேடிப் பார்த்தோம். வெள்ளத்தில் வந்த அத்தனை குழந்தைகளும் போய், "பெயர் தெரியாது" என்று ஒரே ஒரு குழந்தை இருந்தது. ஒரு வரி, ஒரு பெட்டி. ஒரே பெயரில் இத்தனை பேர் இருந்தால் ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப எழுதிவிட்டார்கள் என்று அது முடிவு செய்துவிட்டது.

அத்தை நாற்காலியிலிருந்து குடையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் அதில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

டைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அது நல்லதுதானே மேடம். இடம் மிச்சம்."

"அவங்க வேற வேற ஆளுங்க சார்."

"வேற வேற பேரு கொடுத்தீங்கன்னா வேற வேறயா வெச்சுக்கும்."

"பேரு தெரியாதுன்னுதான் சார் போட்டிருக்கு."

"அதான் மேடம் ஒரே பேரா ஆயிடுது. ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போடலாம்... இல்ல, பெயர்க் கட்டத்துல நம்பர் ஏத்துக்காது. எழுத்து மட்டும்தான்."

"சதுர அடைப்பு?"

"அதுவும் ஏத்துக்காது. நான் மேல சொல்லிப் பாக்கறேன். அடுத்த வெர்ஷன்ல வரலாம்."

அடுத்த வெர்ஷன் எப்போது என்று கேட்டாள். அடுத்த வருஷமோ, அதற்கடுத்த வருஷமோ. லாரி எப்போது என்று அவர் கேட்டார். இந்த வாரக் கடைசி. பாவம், அவருக்கும் ஒன்றும் செய்ய முடியாது. இயக்குநரிடம் போனோம், எண்ணிக்கை குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார், பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்துச் சந்தோஷத்தை நிறுத்திக்கொண்டார். லாரியைத் தள்ளிப்போட அவருக்கு அதிகாரம் இல்லை. யாருக்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரியவும் இல்லை.

திரும்பி வந்து அத்தை ஜன்னலோரம் நின்றாள். நான் சொன்னேன், "விடு அத்த. கண்டக்டருக்கு எந்தப் பெட்டின்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துட்டாப் போச்சு."

"அந்த நம்பர்தான் மாறப் போகுதே. அதுவும் இல்லாம, அவர் வந்துட்டாரு வாலு. இத்தன வருஷம் கழிச்சாவது வந்துட்டாரு. இன்னும் வராதவங்க வருவாங்கல்ல? அவங்களுக்கு அந்த ஒரே பெட்டியத்தான் எடுத்து நீட்டுவாங்க. இது உங்க ஆளு இல்லன்னு சொல்ல அங்க யார் இருப்பா?"

"அப்ப பேரு குடு. வேற வேற பேரு. நான் வைக்கறேன், எனக்கு நெறையத் தெரியும்."

"நீ வெச்சா அது அவங்க பேரு ஆயிடுமா?"

"இல்லாத பேருக்கு ஏதோ ஒரு பேரு."

"இல்லாதத இருக்குன்னு எழுதறதுக்கு எனக்கு யாரும் சம்பளம் தரல டீ."

அவ்வளவு கோபமாக அவள் என்னிடம் பேசியதில்லை. நான் செருப்பை ஒட்டியபோதுகூட. கொஞ்ச நேரம் கழித்து அவளே ஒரு பெட்டியை இறக்கி, ஓர் அட்டையை எடுத்தாள். கண்டக்டருடைய அட்டை. அதைப் பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பெயர் என்ற கட்டத்தில் மெதுவாக அடித்தாள்: பெரிய சட்டை.

ஏற்றுக்கொண்டது. அந்த ஒரே குழந்தையிலிருந்து ஒரு குழந்தை பிரிந்து தனியாக வந்து நின்றது.

"இது பொய் இல்லையா?" என்றேன்.

"வார்த்தை தாள்ல இருக்கு. எடம்தான் தப்பு" என்றாள். அவளுடைய இரண்டு பிடிவாதங்களில் ஒன்றை அவளே பாதியாக உடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் லாரி வரும்வரை அதுதான் வேலை. நான் அட்டையைப் படிப்பேன், அவள் அடிப்பாள். அட்டைகள் பறக்கும் என்று மின்விசிறியையும் அணைத்துவிட்டாள். கீபோர்டில் அவள் விரல் பட்ட இடமெல்லாம் ஈரம்.

"அழவில்லை" என்பேன். பெயர்: அழவில்லை.

"வலது காதில் தழும்பு."

"பொம்மையின் கை. ஒரு கை மட்டும்."

அத்தை நிறுத்தினாள். "பொம்ம எங்கயாம்?"

"கைதான் இருந்துச்சாம். கெட்டியாப் பிடிச்சிருந்துச்சாம்."

பெயர்: பொம்மையின் கை.

"தூக்கியவரை விடவில்லை." "சிவப்பு நாடா." "கன்னத்தில் குழி." "இரட்டையரில் ஒருவர்." இதை அடித்ததும் அத்தை, "இதைப் பாத்தா மறுபடியும் இரட்டைப் பதிவுன்னு தூக்கிடாதே?" என்று கம்ப்யூட்டரையே கேட்டாள். தூக்கவில்லை. "பாட்டுக் கேட்டால் தலையாட்டும்." "மூக்கில் மாவு." "இடது கைப் பழக்கம்." நல்லவேளை, எல்லா அட்டையிலும் ஏதாவது ஒரு வார்த்தை இருந்தது. ஒரு வார்த்தைகூட இல்லாத அட்டை ஒன்று வந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாளோ தெரியாது.

ஆனால் முடிக்கவில்லை. கடைசிப் பெட்டியைத் திறக்கும் முன்னால் கீழே லாரி ஹாரன் அடித்தது. மூட்டை தூக்குகிறவர்கள் மேலே வந்தார்கள். "அரை நாள் குடுங்களேன்" என்றாள் அத்தை. "எங்களுக்கு வண்டி வாடகை ஓடுதும்மா" என்றார்கள். அவள் அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் மரியாதையாகக் கையை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் மட்டும் இன்னும் ஒரே குழந்தைதான்.

அறை காலியானதும் கண்டக்டர் வந்தார். அவர் வரும் நாள் அது. காலி அலமாரியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"கிடங்கு எங்கேன்னு எழுதித் தரேன்" என்றாள் அத்தை. "ஜன்னல்ல பேரு கேப்பாங்க. பெரிய சட்டைன்னு சொல்லுங்க."

"அது பேரு இல்லையேம்மா."

"இல்லதான். அங்க அதான் பேரு."

அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார், பஸ் நிறுத்தத்தின் பெயரைக் கூவுகிற மாதிரி இல்லை, மெதுவாக. பிறகு அத்தையிடம், "நீங்க அங்க இருப்பீங்களா?" என்று கேட்டார்.

இல்லை. அத்தையைத் தண்ணீர் இணைப்புப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே குழாய்க்கு விண்ணப்பம் வாங்குகிறாள். கிடங்கின் ஜன்னலில் "விரைவில் திறக்கப்படும்" என்று பலகை தொங்குவதாகக் கண்டக்டர் போனில் சொன்னார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்துவிட்டு வருகிறாராம். அத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் போனில் கிடங்கின் வலைத்தளத்தைத் திறந்து, பெரிய சட்டை என்று அடித்துப் பார்க்கிறாள். வருகிறது. பொம்மையின் கை என்று அடிக்கிறாள். வருகிறது. பெயர் தெரியாது என்று அடித்தால் ஒன்று வருகிறது. உடனே போனை மூடிவிடுகிறாள்.

இவ்வளவுதான் அத்தையின் கதை. எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி நேற்று அவளிடமே கொடுத்தேன். பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிழை ஒன்றையும் திருத்தவில்லை. முதல் பத்தி முழுவதற்கும் ஒரு பெரிய சதுர அடைப்பு போட்டாள். இடியையும் மின்னலையும் உள்ளே வைத்துப் பூட்டினாள். ஏசி என்ற வார்த்தைக்கு ஒன்று போட்டாள். அப்புறம் ரொம்ப நேரம் படித்தாள். "கன்னத்தில் குழி"க்கு ஒன்று. "பாட்டுக் கேட்டால் தலையாட்டும்" என்பதற்கு ஒன்று. "மூக்கில் மாவு"க்கு ஒன்று.

"ஏன் அதுக்கெல்லாம்?" என்றேன்.

"எல்லா அட்டையிலயும் ஏதோ ஒரு வார்த்தை இருந்துச்சுன்னு எழுதியிருக்க."

"இருந்துச்சு."

"ஆஸ்பத்திரில மாவு ஏது டீ? அந்த நர்ஸு பாட்டு பாடிப் பாத்தாளா? அட்டை வெறுமையா இருக்கறப்ப மட்டும் நீ வேகமாப் படிச்ச. படிச்சதும் அட்டையக் கவுத்து வெச்ச. எத்தன வருஷமா அந்தக் கையெழுத்தப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா அப்பவே ஏன் நிறுத்தல? எதுக்கு அடிச்ச?"

அத்தை பென்சில் முனையை ஊதிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்த ரூம்ல ஏசி ஒரு நாளாவது ஓடிச்சா? பொறகு நீ எதுக்குத் தினம் வந்த?"